கர்னலின் முதுகுக்குப் பின்னால் ஒரு துப்பாக்கி: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்: பிரதர்ஹுட்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் (அனிமே) தொடரில், நண்பனைக் கொன்றவனைப் பழிதீர்க்கப் போன ஒரு கர்னல் கையை இறக்கும் 54ஆம் எபிசோடைப் பற்றி நாலு வரி சொல்லியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள் மேஜையை நிறைத்துவிட்டன. ஆகவே இம்முறை வேறு கேள்விகள் இல்லை. முழுப் பக்கமும் அந்த ஒரு எபிசோடுக்கே. தொடரை இனிமேல்தான் பார்க்கப் போகிறவர்கள் இந்தப் பக்கத்தை மடித்து வைத்துவிட்டுப் பிறகு படியுங்கள். முடிச்சுகள் எல்லாவற்றையும் அவிழ்க்காமல் என்னால் பதில் சொல்ல முடியாது.

கேள்வி: ஐயா, நான் பொறியியல் மாணவன். ஹியூஸைக் கொன்ற என்வியைக் கையில் பிடித்தபிறகும் மஸ்டாங் அவனைக் கொல்லாமல் விட்டதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை. கொலைகாரனை மன்னிப்பதுதான் வீரமா? (கோவை)

தம்பி, உங்கள் கொதிப்பு நியாயமானது. ஆனால் அந்தச் சுரங்கப் பாதையில் யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. இன்னொரு முறை பொறுமையாகப் பாருங்கள்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அமெஸ்ட்ரிஸ் என்ற ராணுவ நாடு. அதில் கர்னல் ராய் மஸ்டாங், நெருப்பை ஆளும் ரசவாதி. அவருடைய ஆருயிர் நண்பர் மேஸ் ஹியூஸ், ஆட்சியின் அடிவயிற்றில் நடக்கும் ஒரு பெருஞ்சதியின் நுனியைக் கண்டுபிடித்துவிடுகிறார். தொலைபேசிக் கூண்டிலிருந்து மஸ்டாங்குக்குச் சொல்ல முயலும்போது என்வி வருகிறான். எந்த உருவத்தையும் எடுக்கக்கூடிய செயற்கை மனிதன் அவன். ஹியூஸ் கத்தியை ஓங்குகிறார். அந்த நொடியில் என்வி, ஹியூஸின் மனைவி கிரேசியாவின் முகத்தை அணிந்துகொள்கிறான். கத்தி ஓங்கிய கை அப்படியே நின்றுவிடுகிறது. குண்டு பாய்கிறது. இது 10ஆம் எபிசோடு. கொன்றவன் யார் என்று மஸ்டாங்குக்குத் தெரியவர 53ஆம் எபிசோடு ஆகிறது. அதையும் என்வியே பெருமையடித்துக்கொண்டு சொல்கிறான்.

அதற்குப் பிறகு நடப்பதைச் சண்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மஸ்டாங் விரலைச் சொடுக்குகிறார், என்வியின் கண்கள் வேகின்றன. என்விக்குள் இருக்கும் தத்துவக் கல், பல மனித உயிர்களைப் பிழிந்து செய்தது. அதன் பலத்தில் கண்கள் மீண்டும் முளைக்கின்றன. முளைத்ததும் இன்னொரு சொடுக்கு. இந்த நேரத்தில் மஸ்டாங்கின் குரலைக் கவனியுங்கள். கத்தலே இல்லை. கண்ணுக்குள் இருக்கும் நீர் கொதித்தால் எவ்வளவு வலிக்கும் என்பதை ஒரு மருத்துவர் விளக்குவதுபோல் நிதானமாகப் பேசுகிறார். எனக்கு அடிவயிறு கலங்கியது என்வியைப் பார்த்தல்ல, இவரைப் பார்த்து.

கடைசியில் என்வி எரிந்து எரிந்து, உள்ளங்கை அளவுள்ள ஒரு பச்சைப் புழுவாகக் கீழே விழுகிறான். அதுதான் அவனுடைய உண்மையான உரு. மஸ்டாங் அதை பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டு கையை நீட்டுகிறார். இன்னும் ஒரு சொடுக்கு போதும். அப்போதுதான் அவருடைய பின்தலையில் துப்பாக்கி. பிடித்திருப்பவள் அவருடைய லெப்டினன்ட் ரிசா ஹாக்ஐ.

அவள் என்ன சொல்கிறாள்? கொல்லாதீர்கள் என்கிறாளா? கிடையாது. மிச்சத்தை நான் முடிக்கிறேன், நீங்கள் விலகுங்கள் என்கிறாள். என்வி சாக வேண்டும் என்பதில் அங்கே இருக்கும் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. இந்த நாட்டின் தலைமைக்கு வரப்போகிற கை, வெறுப்பின் வெறியில் அதைச் செய்யலாமா என்பதுதான் வழக்கு. மஸ்டாங் ஏன் பதவியில் ஏறத் துடிக்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள். இஷ்வால் மக்களைக் கொன்று குவித்த போரில் அவரும் நின்றவர். ஆட்சியை மக்களிடம் திருப்பிக் கொடுத்து, அந்தப் போரின் குற்றவாளிகளை, தன்னையும் சேர்த்து, விசாரணைக்கு நிறுத்த வேண்டும் என்பது அவருடைய கனவு. நாளை குற்றவாளிக் கூண்டில் தானே போய் நிற்பேன் என்கிறவர், இன்று இருட்டுச் சுரங்கத்தில் தானே நீதிபதி, தானே கொலையாளி ஆகிவிட்டால் அந்தக் கனவில் என்ன மிஞ்சும்?

மஸ்டாங் அசைந்து கொடுக்கவில்லை. சுட வேண்டுமானால் சுடு, ஆனால் என்னைச் சுட்டபிறகு நீ என்ன செய்வாய் என்று கேட்கிறார். அவளுக்குப் பதில் தயாராக இருக்கிறது. நிம்மதியாக வாழும் எண்ணம் எனக்கு இல்லை. இந்தப் போர் முடிந்ததும் இந்த உடலையும் இதோடு நெருப்பு ரசவாதத்தையும் உலகத்திலிருந்து அழித்துவிடுவேன் என்கிறாள். அந்த ஒரு பதில்தான் அவரை உடைக்கிறது. கையிலிருந்த நெருப்பை வேறு பக்கம் வீசிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிடுகிறார்.

நான் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஒரு கொலை வழக்கில் ஆயுள் தண்டனை என்று தீர்ப்பானது. இறந்தவனின் அண்ணன் ஒரு வாய்தாகூட விடாமல் வந்தவர். எப்போதும் ஒரே தூணருகில், ஒரே மஞ்சள் துணிப்பையோடு நிற்பார். தீர்ப்பன்று நான் குறிப்பேட்டை மூடிக்கொண்டு வெளியே வந்தபோது என்னிடம் கேட்டார்: “இனிமேல் நான் எங்கே போவது சார்?” வீட்டுக்கு வழி கேட்கவில்லை அவர். நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். மஸ்டாங் ஹாக்ஐயிடம் கேட்டதும் அதே கேள்விதான். பழி தீர்ந்த மறுநாளைப் பற்றி நினைத்துப் பார்க்கிற ஒரே ஆள் அந்தச் சுரங்கத்தில் அவள்தான்.

கேள்வி: என் மகனுக்கு 11 வயது. வகுப்பில் எல்லாரும் பார்க்கிறார்களாம். இந்தத் தொடரைக் காட்டலாமா? (ஓர் அம்மா, சேலம்)

தனியாக விடாதீர்கள். கார்ட்டூன் என்று நினைத்து உட்கார்ந்தால், நாலாவது எபிசோடிலேயே ஒரு தகப்பன் தன் சொந்த மகளுக்குச் செய்யும் கொடுமை வருகிறது. பெரியவர்களுக்கே தூக்கம் கெடும். பின்னால் கண்கள் வேகும் காட்சி வேறு இருக்கிறது. இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகள் பொறுக்கலாம். அப்போதும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள் அம்மா. அவன் கேட்கப்போகும் கேள்விகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஆள் வேண்டும். என் பேத்தியோடு நான் அப்படித்தான் பார்த்தேன். நடுநடுவே நிறுத்திப் பேசியதில் ஒரு எபிசோடுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது.

கேள்வி: மேலதிகாரியின் தலையில் துப்பாக்கி வைக்கும் உரிமையை ஹாக்ஐக்கு யார் கொடுத்தது? அவர்களுக்கு இடையே இருப்பது காதலா? (தஞ்சாவூர்)

அவரே கொடுத்ததுதான். நெருப்பு ரசவாதம் ஹாக்ஐயின் அப்பா கண்டுபிடித்தது. அதன் சூத்திரத்தைத் தாளில் எழுதி வைக்க விரும்பாமல் மகளின் முதுகில் பச்சை குத்திவிட்டார். மக்களுக்கு நல்லது செய்வேன் என்ற இளைஞன் மஸ்டாங்கை நம்பி, அவள்தான் அந்த முதுகைக் காட்டினாள். அந்த வித்தை இஷ்வாலில் ஊர் ஊராக எரித்தது. அவளும் அதே போர்க்களத்தில் குறிபார்த்துச் சுடுபவளாக இருந்தாள். போர் முடிந்ததும், இன்னொரு நெருப்பு ரசவாதி பிறக்கக் கூடாது, என் முதுகைச் சுட்டுப் பொசுக்கிவிடுங்கள் என்று அவரிடமே கேட்கிறாள். தன் கீழ் வேலைக்கு அவளை எடுக்கும்போது மஸ்டாங் சொல்வது: என் முதுகை உன்னிடம் ஒப்படைக்கிறேன், நான் வழி தவறினால் பின்னாலிருந்து சுட்டுவிடு.

இத்தனையும் 30ஆம் எபிசோடில் இருக்கிறது. அதைப் பார்க்காமல் 54க்கு வந்தால் அந்தத் துப்பாக்கி வெறும் திருப்பமாகத் தெரியும். பார்த்துவிட்டு வந்தால், பல வருடம் முன்பு போட்ட ஒப்பந்தத்தின் தவணை நாள் வந்துவிட்டது என்பது தெரியும்.

காதலா என்றால், ஒன்று சொல்கிறேன். என்வி மஸ்டாங்கின் உருவத்தில் வந்து அவளை ஏமாற்றப் பார்க்கிறான் அல்லவா? அவள் உடனே துப்பாக்கியைத் திருப்புகிறாள். தனியாக இருக்கும்போது கர்னல் என்னை ரிசா என்றுதான் கூப்பிடுவார் என்கிறாள். அவன் வேஷம் கலைந்து திணறும்போது, அது பொய், மாட்டிக்கொண்டதற்கு நன்றி என்கிறாள். கதாசிரியர் அவ்வளவோடு நிறுத்திக்கொண்டார். நானும் நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: ஸ்கார் எத்தனை பேரைக் கொன்றவன்! அவன் மஸ்டாங்குக்கு அறிவுரை சொல்வது அபத்தம் இல்லையா? (திருநெல்வேலி)

இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. அந்த எபிசோடில் நான் அதிகம் யோசித்தது ஸ்காரைப் பற்றித்தான்.

ஸ்கார் இஷ்வாலன். தன் இனத்தை அழித்த அரசு ரசவாதிகளைத் தேடித் தேடிக் கொன்றவன். மஸ்டாங்கையும் கொல்லப் பார்த்தவன். அதைவிடப் பெரிய பாவமும் அவன் தலைமேல் இருக்கிறது. போரில் காயம்பட்டுக் கிடந்த அவனுக்கு வைத்தியம் செய்த ராக்பெல் தம்பதியை, வெறி தலைக்கேறிய நிலையில் கொன்றவன் அவன். அவர்களுடைய மகள் வின்ரி 22ஆம் எபிசோடில் கையில் துப்பாக்கியோடு அவன் முன் நிற்கிறாள். தொடரின் நாயகனான இளம் ரசவாதி எட்வர்ட் குறுக்கே போய் அவள் கையிலிருந்து அதை வாங்குகிறான். பின்னால் அதே வின்ரி ஸ்காரின் காயத்துக்குக் கட்டுப் போடுகிறாள். மன்னித்ததாக அவள் சொல்லவில்லை என்பதையும் கவனியுங்கள்.

இப்படிப்பட்டவன் மஸ்டாங்கிடம் என்ன சொல்கிறான்? உன்னைத் தடுக்கும் தகுதி எனக்கு இல்லை என்றுதான் தொடங்குகிறான். வெறுப்பில் விழுந்த ஒருவன் எப்படிப்பட்ட உலகத்தை உருவாக்குவான் என்று மட்டும் கேட்கிறான். இதை ஒரு துறவி வந்து சொல்லியிருந்தால் நான் டிவியை அணைத்திருப்பேன். அந்தப் பாதையில் போய், அதன் கோடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திரும்பியவன் சொல்கிறான். குடித்துக் குடித்துக் குடலைக் கெடுத்துக்கொண்டவர் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் “வேண்டாமப்பா” என்பதைப் போன்ற சொல் அது. அவருக்குத் தகுதி உண்டா என்று நாம் அங்கே கேட்பதில்லை.

இந்தக் கதையை எழுதி வரைந்த ஹிரோமு அராகாவா ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்காய்டோவில் பால்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். டோக்கியோவுக்கு மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை) வரையப் போவதற்கு முன் ஏழு ஆண்டுகள் அந்தப் பண்ணையிலேயே வேலை செய்தவர். ஹொக்காய்டோ அய்னு பழங்குடி மக்களின் மண்; மெய்ஜி பேரரசர் காலத்தில் ஜப்பானிய அரசு அங்கே குடியேற்றம் நடத்தி அவர்களை ஓரங்கட்டியது. இஷ்வாலர்களின் கதையில் நிலத்தை இழந்தவர்களின் கோபத்துக்கு அவர் இவ்வளவு மரியாதை தருவதற்கு, பிறந்த மண்ணும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன். ஸ்காரின் பழிவெறியைத் தவறு என்று காட்டும் அதே கை, அவனுடைய கோபத்தை ஒரு இடத்தில்கூடப் பொய் என்று காட்டவில்லை.

கேள்வி: ஜப்பானியக் கதைகள் என்றாலே பழிவாங்கல்தானே? இதில் மட்டும் ஏன் இந்த மாற்றம்? (சென்னை)

பாதி சரி. சாமுராய்கள் ஆண்ட எடோ காலத்தில் தந்தையையோ அண்ணனையோ கொன்றவனைத் தேடிப் பழிதீர்ப்பது சாமுராய்க்குக் கடமையாகவே கருதப்பட்டது. அதிகாரிகளிடம் பதிவு செய்து அனுமதி வாங்கும் முறைகூட இருந்தது. 1703இல் தங்கள் பிரபுவுக்காகப் பழிதீர்த்த 47 ரோனின்களின் (தலைவனை இழந்த சாமுராய்களின்) சமாதிக்கு டோக்கியோவின் செங்ககுஜி ஆலயத்தில் இன்றும் ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். ஆனால் அனுமதியின்றிச் செய்ததற்காக அவர்களையும் அன்றைய அரசு வயிற்றைக் கிழித்து மாளச் சொன்னது. 1873இல் மெய்ஜி அரசு பழிவாங்கலைச் சட்டப்படி முற்றாகத் தடை செய்தது. ஆக, பழி கடமையா குற்றமா என்ற வழக்கு அந்த நாட்டில் நெடுங்காலமாக நடந்துகொண்டே இருந்திருக்கிறது. அராகாவா அந்த வழக்கில் புதிதாக ஒரு சாட்சியை ஏற்றினார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கொலையாளியின் பின்னால் நிற்கும் பெண்.

கேள்வி: என்வி தானே செத்துப்போவது எனக்குக் கண்ணீரை வரவழைத்தது. வில்லனுக்காக அழலாமா? (வேலூர்)

அழலாம். என் பேத்தியும் அழுதாள்.

மஸ்டாங் உட்கார்ந்தபிறகும் என்வி விடுவதில்லை. எட்வர்டின் கைப்பிடியில் இருந்துகொண்டே ஒவ்வொருவரையும் கிளறிப் பார்க்கிறான். ஸ்கார் உன்னைக் கொல்ல வந்தவன் அல்லவா, அந்தப் பெண்ணின் பெற்றோரைக் கொன்றவன் அல்லவா, இஷ்வாலை எரித்தவர் இந்தக் கர்னல் அல்லவா, ஏன் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறாமல் நிற்கிறீர்கள் என்று கூவுகிறான். சொல்லும் ஒவ்வொன்றும் உண்மை. ஒருவரும் அசையவில்லை. அப்போது எட்வர்ட் மெதுவாகக் கண்டுபிடிக்கிறான்: உனக்கு மனிதர்கள்மேல் பொறாமை. நாங்கள் அடிபட்டாலும் விழுந்தாலும் எழுந்திருக்கிறோம், எழ முடியாதவனைப் பக்கத்தில் இருப்பவன் தூக்கிவிடுகிறான், அது உன்னைப் பொசுக்குகிறது. அந்தச் சின்னப் பிராணியின் பெரிய கண்களில் நீர் தளும்புகிறது. ஒரு பொடியனால் புரிந்துகொள்ளப்பட்டதைவிட அவமானம் இல்லை என்று சொல்லி, தன் உடம்பிலிருந்து கல்லைத் தானே பிய்த்து நசுக்கிக்கொண்டு சாகிறான்.

இந்த இடத்தில் கதையோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. என்வி தற்கொலை செய்துகொண்டதால் அங்கிருந்தவர்களுக்குச் சிக்கல் தீர்ந்துவிட்டது. மிச்சத்தை நான் முடிக்கிறேன் என்று சொன்ன ஹாக்ஐ முடித்தாளா, அல்லது எட்வர்ட் தடுத்திருப்பானா? புழுவாகக் கிடக்கும் எதிரியை ஆத்திரம் இல்லாமல், கடமையாகக் கொல்வதற்கும், மஸ்டாங் செய்யவிருந்ததற்கும் என்ன வேறுபாடு? இந்தக் கேள்விக்கு நேருக்கு நேர் வர வேண்டிய நிமிடத்தில் கதை விலகிக்கொள்கிறது. இதே நாலு பேரும் உயிரோடிருக்கும் என்வியைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் ஐந்து நிமிடம் திண்டாடியிருந்தால், இது எனக்கு அப்பழுக்கற்ற எபிசோடாக இருந்திருக்கும். என்வியின் கண்ணீர் உண்மையானது. அது வந்த நேரம் மற்றவர்களுக்கு மிகவும் வசதியானது. இப்படிச் சொன்னதற்கு என் பேத்தி இரண்டு நாள் என்னோடு வாதாடினாள். எந்த முடிவு எடுத்தாலும் அந்த நால்வரில் ஒருவர் அழுக்காகியிருப்பார், அது பரவாயில்லையா தாத்தா என்றாள். பரவாயில்லை என்றே இப்போதும் சொல்வேன். இஷ்வாலில் அவர்கள் ஏற்கெனவே அழுக்கானவர்கள்தாம்.

கேள்வி: 2003இல் வந்த பழைய தொடரைப் பார்த்தால் போதாதா? (புதுச்சேரி)

இந்தக் காட்சிக்குப் போதாது. 51 எபிசோடுகள் கொண்ட அந்தத் தொடர் வந்தபோது மங்கா பாதிகூட முடியவில்லை; ஆகவே பின்பாதியில் அது தன் சொந்தக் கதைக்குப் போய்விட்டது. என்வியே அதில் வேறு ஆள். 2009 ஏப்ரலில் தொடங்கி 2010 ஜூலையில் 64 எபிசோடுகளோடு முடிந்த பிரதர்ஹுட்தான் மங்காவைப் பின்பற்றுகிறது. இரண்டையும் எடுத்தது போன்ஸ் ஸ்டுடியோதான். எட்வர்டுக்கு இரண்டிலும் ரோமி பாக் குரல். மஸ்டாங்குக்கோ குரல் மாறியது; பிரதர்ஹுட்டில் ஷினிச்சிரோ மிக்கி.

கேள்வி: எனக்கு 64 எபிசோடுகள் பார்க்க நேரம் இல்லை. இந்த ஒன்றை மட்டும் பார்க்கலாமா? (ஈரோடு)

வேண்டாம். நேரமே இல்லையென்றால் 10, 22, 30, 53 நான்கையும் அதே வரிசையில் பார்த்துவிட்டு 54க்கு வாருங்கள். ஒரு எபிசோடு 24 நிமிடம். எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரம். அதன்பிறகும் மஸ்டாங் கையை இறக்கியது தவறு என்று தோன்றினால் எனக்கு எழுதுங்கள். காரணத்தோடு எழுதினால், அடுத்த இதழில் உங்கள் கடிதத்தையே முதலில் போடுகிறேன்.